ஓரத்து மெழுகு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு புரட்டாசி மாதம், ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு முன்னால், கந்தம்மாள் என் துணியின் மூலையைப் புரட்டிக் காட்டினாள். அன்றைக்கு அறுந்ததுதான் எங்கள் உறவு. அதற்கப்புறம் ஆறு வருசம் நான் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை, பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. என் வீட்டில் ‘அவ’ என்றால் அவள்தான். செத்தவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்கிறார்கள். நடந்ததை எழுதுகிறேன். அதில் நல்லது இருந்தால் தானாக வரட்டும்.

நாங்கள் சலவைத் தொழில்காரர்கள். என் அப்பன் கன்னிவாடியிலிருந்து மலையேறியவர். கொடைக்கானலில் ஓட்டல், பள்ளிக்கூடம், பாதிரிமார் பங்களா என்று வெளுத்து வயிறு வளர்த்தோம். நான் மூணாங்கிளாசோடு நின்றவன். பள்ளங்கிக்குப் போகிற ரோட்டுக்கு மேலே அப்போது ஒரு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி இருந்தது. கீழே இருந்த ஒரு சர்க்கார் மருத்துவக் கல்லூரிக்குச் சேர்ந்தது. பேர் எதற்கு. நூற்றிருபது கட்டில். சாப்பாடு, விறகு, சலவை எல்லாம் வெளியாளிடம் விடுவார்கள். சலவைக்கு மூணு வருசத்துக்கு ஒரு டெண்டர். கல்லூரி ஆபீசர், பெரிய டாக்டர், தலைமை நர்சம்மா, ஸ்டோர் கிளார்க் என்று நாலு பேர் உட்கார்ந்து ஒப்புதல் கொடுத்தால்தான் செல்லும்.

அந்த வருசம் ஒரு புது முறை கொண்டுவந்தார்கள். முந்தின தடவை யாரோ ஒருவருடைய மச்சானுக்குக் கொடுத்துவிட்டதாக மொட்டைக் கடுதாசி போயிருந்ததாம். அதனால் டெண்டர் போட்ட மூணு பேருக்கும் ஆளுக்கொரு அழுக்கு ஷீட் கொடுத்தார்கள். ரத்தம், சளி, அயோடின் கறை எல்லாம் அதில் உண்டு. நாலு நாளில் வெளுத்துக் கொண்டுவர வேண்டும். அதற்கு நம்பர்ச் சீட்டு மட்டும் குத்துவார்கள். எது யார் துணி என்று கமிட்டிக்குத் தெரியாது. துணியைப் பார்த்துத்தான் தீர்ப்பு. யார் துணி என்று காட்டுகிற அடையாளம் எதுவும் இருந்தால் அந்த டெண்டர் தள்ளுபடி. ஸ்டோர் கிளார்க் ஞானவேல் இதை இங்கிலீசில் வாசித்து, அப்புறம் தமிழில் வெரசாகச் சொன்னான்.

என் காது கேட்டது. கை கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் துணி வீட்டுக்குள் வந்தால் முதல் சோலி குறி. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அந்தப் பாலைத் தொட்டு ஓரத்தில் கடுகளவு குறி வைத்து, மேலே சுண்ணாம்பு தடவ வேண்டும். துணி கந்தலானாலும் அந்தக் கறுப்பு போகாது. எங்கள் வீட்டுக் குறி ஒரு கோடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி. குறி வைக்காத துணியைத் தொட்டியில் இறக்கினால் அப்பன் கையால் அடி விழும். அப்படி வளர்ந்த கை. அந்த ஷீட்டை வாங்கி வந்த அன்றைக்கே ஊசியை எடுத்திருக்கிறது. வைத்ததே எனக்கு நினைவில்லை. என் பெண்டாட்டி முருகம்மாள் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கும் நினைவில்லை.

கமிட்டி நாளில் மூணு ஷீட்டும் மேசை மேல் கிடந்தன. இரண்டாம் நம்பர் என்னுடையது. மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் பழுப்பாகத் தெரிந்தன. கல்லூரி ஆபீசர் பேனாவைத் திறந்துவிட்டார். பெரிய டாக்டர் மட்டும், துணியை வாங்கி வைக்கப் போகிறவள் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று கந்தம்மாளை முன்னால் கூப்பிட்டார்.

கந்தம்மாள் துணி ரூம்காரி. வார்டுத் துணி போவதும் வருவதும் அவள் கையால்தான். எங்கள் இனம்தான், பழனியில் யாத்ரீகர் சத்திரங்களுக்கு வெளுத்த குடும்பம். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். அதுவரைக்கும் எனக்கு அக்கா. என் வீட்டில் களி தின்றவள். அவள் ஷீட்டை முகர்ந்தாள், இழுத்துப் பார்த்தாள், ஓரத்தைப் புரட்டினாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அந்தக் குறி ஒரு அழுக்குப் புள்ளி. படித்தவர் அத்தனை பேர் இருந்தும் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“இது வேலப்பன் துணிங்க. குறி கெடக்கு” என்றாள்.

அவ்வளவுதான். பேனா மூடிக்கொண்டது. மற்ற இரண்டு பேரில் ஒருவனான பழனிக் குமாரவேலுக்கு ஒப்பந்தம் போயிற்று.

அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் நான் புதிதாக, துணியை ஆவியில் வேக வைக்கிற வெள்ளாவிக் கொட்டகை போட்டிருந்தேன். கன்னிவாடியிலிருந்து இரண்டு குடும்பத்தைச் சட்டிபானையோடு மேலே கூட்டி வந்திருந்தேன். ஐப்பசி மழையில் அவர்கள் திரும்பி இறங்கினார்கள். அதில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. பஸ்சில் ஏறும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் கந்தம்மாள் கணக்கில்தான் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவளைப் பார்த்தால் காறித் துப்புவேன். ஒரு தடவை உருளைக்கிழங்குக் கடையில் ஆள்களுக்கு முன்னால், கூடப் பிறந்த சாதிக்குக் குழி வெட்டுகிற கைக்குப் புழு வைக்கும் என்று சொன்னேன். அவள் கிழங்கைப் பொறுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: “குறி வச்ச கை யாரு கைடா? அதுக்கு மொதல்ல என்ன வைக்கும்னு பாரு.” கடைக்காரன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் சேர்த்து வைத்தேன்.

ஐம்பத்தொன்பதில் மறுபடி டெண்டர். மாதிரித் துணி முறையை எடுத்துவிட்டார்கள். வெறும் காகிதம்தான். காகிதத்தில் குமாரவேலை யாரும் மிஞ்ச முடியாது. பித்தளைக் குண்டாக்கள் இத்தனை, ஆவி இத்தனை மணி நேரம் என்று டைப் அடித்துக் கொடுப்பான். வாரா வாரம் ‘கொதிக்க வைத்த துணி பெற்றுக்கொண்டேன்’ என்று கந்தம்மாள் கைநாட்டு வைத்த சீட்டு ஒரு கட்டு அதோடு போகும். மறுபடி அவனுக்கே ஒப்புதல். கமிட்டி நாளில் அவள் ஏதோ துணியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றதாகவும், ஞானவேல் விரட்டிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். எனக்கு இனித்தது.

அறுபத்திரண்டு ஆவணியில், வெள்ளனே நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போது அவளே என் கொட்டகைக்கு வந்தாள். மேடு ஏறியதற்கு அவ்வளவு இரைப்பு வரக் கூடாது. முருகம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உட்காரச் சொல்ல ஆளில்லை. விறகுக் கட்டையில் தானே உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு மடித்த ஷீட்டை எடுத்து ஓரத்தைப் பிரித்தாள். தையலுக்குள்ளிருந்து கடுகளவு உருண்டை ஒன்று என் உள்ளங்கையில் விழுந்தது. தேன்மெழுகு.

சொன்னாள். மலையடிவாரத்தில் காட்டுத் தேன் எடுக்கிற பளியர் வீட்டு மாயக்காள் தேன் விற்க வரும்போது அவளிடம் மெழுகு வாங்குவாளாம். குமாரவேலுக்குப் போகிற ஷீட்டில், கட்டுக்குப் பத்து பொறுக்கி, ஓரத் தையலுக்குள் ஒரு உருண்டை வைத்துத் தைப்பாளாம். ஆஸ்பத்திரித் துணிக்கு இஸ்திரி கிடையாது, மடித்துத்தான் வரும். கொதிக்கிற தண்ணீரோ ஆவியோ பட்டிருந்தால் மெழுகு உருகி ஓடியிருக்கும். பச்சைத் தண்ணீரில் அலசியிருந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். ஆறு வருசமாக, பத்துக்கு எட்டு அப்படியே திரும்பி வருகிறதாம்.

நான் உருண்டையை நசுக்கினேன். எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொதிக்க வைக்க விறகு வேண்டும், ஆள் வேண்டும். ஓடைத் தண்ணீருக்கு ஒன்றும் வேண்டாம்.

“இதெல்லாம் தெரிஞ்சுதான் கைநாட்டு வச்சியா?”

“வச்சேன்.”

“எதுக்கு?”

அப்போதுதான் அவள் தன் கதையைச் சொன்னாள். கொஞ்சம் எனக்குத் தெரியும், மீதி தெரியாது. அவள் புருசன் நல்லுசாமி பழனியில் குமாரவேலிடம் கூலிக்கு வெளுத்தவன். கீழே ஏதோ ஒரு ஆஸ்பத்திரித் துணியைக் குமாரவேல் எடுத்திருந்தான். அதையும் கொதிக்க வைக்காமல் கையால் கசக்க விட்டான். நல்லுசாமி இரண்டு வருசத்தில் ரத்தமாகத் துப்பினான். இருமுகிறவன் இருந்தால் சத்திரக்காரர்கள் துணி போட மாட்டார்கள் என்று குமாரவேல் அவர்களைக் கொட்டகையை விட்டு வெளியே தள்ளினான். புருசனை மலைக்குக் கூட்டி வந்தாள். இதே ஆஸ்பத்திரியில் ஐம்பதில் செத்தான். அவள் இங்கேயே துணி ரூமில் வேலைக்கு நின்றுவிட்டாள்.

“ஐம்பத்தாறுல டெண்டர் போட்டவங்க பேரைக் கேட்டேன். அவன் பேரு இருந்துச்சு. தானா வந்து என் கையில விழுறான்னு நெனச்சேன். பழனியில அவன் பெரிய ஆளு. இங்க அவன் துணி என்னைத் தாண்டித்தான் போகணும். ஆனா உன் துணி அவன் துணியை விட வெள்ளையா இருந்துச்சு. நீ உள்ள வந்துட்டா அவன் தப்பிச்சுருவான்.”

நான் கையில் இருந்த விறகைக் கீழே போட்டேன். இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. என் மேல் அவளுக்கு ஒரு விரோதமும் இல்லை. அவள் பழி தீர்க்கப் போகிற வழியில் நான் ஒரு கல். எடுத்து எறிந்துவிட்டாள். விரோதம் என்றால்கூட ஆறியிருப்பேன்.

சரி, கட்டிலில் கிடக்கிற நோயாளி என்ன பாவம் செய்தான் என்று கேட்டேன். மெழுகு கரையாத கட்டைத் துணி ரூமுக்குப் பின்னால் அண்டாவில் தானே வேக வைத்து அனுப்பியதாகச் சொன்னாள். ஐம்பத்தொன்பதில் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் மூணு வருசம் பொறுத்தாளாம். கமிட்டி அறைக்குள் விடவில்லை. அப்புறம் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றால் வேலை போய்விடும் என்று ஞானவேல் மிரட்டினானாம். எல்லாக் கட்டையும் வேக வைத்தாயா என்றேன். அந்த இடத்தில் மட்டும் தரையைப் பார்த்தாள். முடிந்த மட்டும் என்றாள். இருமினாள். முந்தானையில் துடைத்து மடித்துக்கொண்டாள். எதை மடித்தாள் என்று நான் பார்த்துவிட்டேன்.

அடுத்த மாதம் மறுபடி டெண்டர். துணி ரூம் பொம்பளை சொன்னால் எடுபடாது, தொழில் தெரிந்த ஆம்பளை ஒருவன் கமிட்டி முன்னால் நின்று இந்த மெழுகு என்ன என்று சொல்ல வேண்டும், நீ டெண்டர் போடு, போட்டவனை உள்ளே கூப்பிடுவார்கள் என்றாள். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. நான் எதிர்பார்த்தேன். அதற்காகவே சும்மா நின்றேன். அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முருகம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்து, போகாதே என்றாள். அவளே வெட்டின குழியில் அவளே கிடக்கட்டும் என்றாள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் ராத்திரியும் பகலும் அதையே உருட்டியதில் அதைவிட நல்லதாக ஒன்று கிடைத்தது. போகாவிட்டால் அவள் மட்டும்தான் தோற்பாள், குமாரவேல் கொழிப்பான். போய்ப் பாதியைச் சொன்னால் குமாரவேல் மட்டும் போவான். முழுசையும் சொன்னால் இரண்டு பேரும் போவார்கள். மெழுகையும் சொல்ல வேண்டும், கைநாட்டையும் சொல்ல வேண்டும். டெண்டர் போட்டேன்.

கமிட்டியில் அதே பெரிய டாக்டர், தலை நரைத்திருந்தது. கல்லூரி ஆபீசர் புது ஆள். குமாரவேல் சரிகைத் துண்டு போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எனக்கு நாற்காலி இல்லை. கந்தம்மாள் அன்றைக்குக் காலையில் வந்த சலவைக் கட்டோடு சுவரோரம் நின்றாள். என் முறை வந்ததும், எஜமான், வெளுத்து வந்த இந்தக் கட்டைப் பிரிக்க உத்தரவு வேண்டும் என்று கேட்டேன்.

குமாரவேல் சிரித்தான். “டெண்டர் போட்டவன் அடுத்தவன் மூட்டையை ஏன் பிரிக்கிறான்? ஏலே, ஐம்பத்தாறுல குறி வச்சு மாட்டுன. இந்தத் தடவை என்ன வச்சிருக்க?”

“நான் ஒண்ணும் வைக்கலைங்க. வச்சது துணி ரூம்காரி” என்றேன்.

பெரிய டாக்டர் பிரிக்கச் சொன்னார். கந்தம்மாள் பத்து ஷீட்டை எடுத்துக் கொடுத்தாள். ஓரத்தை நகத்தால் கிள்ளிப் பிரித்தேன். மேசை மேல் ஒவ்வொன்றாக உருண்டை விழுந்தது. ஒன்பது. டாக்டருக்காக டீக்கெண்டியில் வெந்நீர் வந்திருந்தது. கோப்பையில் கொஞ்சம் ஊற்றச் சொல்லி ஒரு உருண்டையைப் போட்டேன். அது உருகிப் படலமாக மிதந்தது. பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். அப்புறம் அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, குமாரவேலைத்தான் பார்த்தார். இந்த ஷீட்டில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். மெழுகை வைத்து ஆஸ்பத்திரி நடத்த முடியுமா, இது பொறாமைக்காரன் சூழ்ச்சி என்று குமாரவேல் கத்தினான். ஒரு ஷீட்டை அவன் மடியில் போட்டேன். மடியில் பாம்பு விழுந்த மாதிரி துள்ளி எழுந்தான். கொதிக்க வைத்த துணிக்கு எவனும் அப்படிப் பயப்பட மாட்டான். கமிட்டி பார்த்தது. அவன் ஒப்பந்தம் அந்த நாற்காலியிலேயே முடிந்தது.

நான் நிறுத்தவில்லை. இன்னொன்று இருக்குதுங்க என்றேன். வாரா வாரம் கொதிக்க வைத்த துணி என்று கைநாட்டு வைத்தது யார் என்று இவளைக் கேளுங்கள் என்றேன்.

பெரிய டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

“நான்தாங்க” என்றாள் கந்தம்மாள். ஞானவேல் மிரட்டியதைக்கூட அவள் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கோபம் இல்லை. சந்தையில் கிழங்கைத் தட்டிப் பார்த்து, நல்லதுதான் என்று கூடையில் போடுவாளே, அந்தப் பார்வை.

குமாரவேல் பேரைக் கறுப்புப் புத்தகத்தில் ஏற்றினார்கள். மலைக்குக் கீழே அவனுக்கு இருந்த வேறு ஒப்பந்தங்களும் இந்தப் பேச்சில் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஞானவேலை எங்கோ தண்ணியில்லாத ஊருக்கு மாற்றினார்கள். கந்தம்மாளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பன்னிரண்டு வருச வேலை, ஒரு சல்லி கிடையாது. சலவை எனக்கு வந்தது. கன்னிவாடிக்கு ஆள் அனுப்பி அந்த இரண்டு குடும்பத்தையும் திரும்பக் கூட்டி வந்தேன். அன்றைக்கு வீட்டில் கறிச்சோறு. நான் நினைத்தபடி எல்லாமே நடந்துவிட்டது. நன்றாகத்தான் தின்றேன். பொய் சொல்ல மாட்டேன்.

வேலையை விட்டு நிறுத்தினவளை ஒரு மாதத்தில் நோயாளியாக அதே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய டாக்டர் செய்த வேலை. பொம்பளை வார்டில் ஏழாம் நம்பர்க் கட்டில். நான் துணி எடுக்கப் போகும்போது ஜன்னல் வழியே தெரிவாள். என் ஆள்கள் கொண்டுவந்து போட்ட ஷீட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே படுத்திருப்பாள். மூணு வாரம் நான் உள்ளே போகவில்லை. நாலாவது வாரம் போனேன். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிவிடலாம் என்றுதான் போனேன்.

கட்டில் ஓரம் நின்று, நான் செய்தது சரியா தப்பா, நீயே சொல்லு என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று. “நீ அதைச் சொல்லுவேன்னு தெரிஞ்சுதாண்டா உன்கிட்ட வந்தேன். கோவக்காரன்தான் கமிட்டி வரைக்கும் நடப்பான். நல்லவனா இருந்தா வீட்டுலயே ஒக்காந்து எனக்காகப் பரிதாபப்பட்டிருப்பான்.” குமாரவேல் மூஞ்சி எப்படிப் போயிற்று என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். ஷீட்டை மடியில் போட்டதும் அவன் துள்ளினதை நான் நின்று காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரிகளும் சிரித்தார்கள். ஐம்பத்தாறைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் போனவன்தான்.

தை மாதம் பனி இறங்கின வாரத்தில், உன்னை வரச் சொல்கிறாள் என்று நர்சம்மா ஆள் அனுப்பினார்கள். போனேன். கழுத்து வரை ஷீட்டைப் போர்த்திக்கொண்டு ஓரத்தைப் பிடித்திருந்தாள். பேச்சு காற்றாகத்தான் வந்தது. குனிந்தேன்.

“ஏலே வேலப்பா. நான் போனதும் இந்தத் துணியை வேற ஆள்கிட்டக் குடுக்காத. நீயே வேக வையி. ஓரத்துல மெழுகு வச்சிருக்கேன். குறி மட்டும் வச்சுறாத.”